அனுப்புநர் முகவரி

இந்த ஊர் ரொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். கடைக்காரர் அதை வெறும் கையால் எடுத்து, அதே கையால் சில்லறையும் கொடுப்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. வந்த புதிதில் வாங்கி வந்த ரொட்டியை வாணலியில் இருபுறமும் சூடு காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவேன். ரமாமணி சிரிப்பாள். ரமாமணி என் தங்கை. உங்களுக்குத்தான் தெரியுமே.

ஆங்கிலத்திலேயே இதையெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் நிதானமாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வசதி. பத்மநாபன் சார் கோவில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர், வார்த்தை தவறாமல் உங்களுக்கு மொழிபெயர்ப்பார். அவர் ஏன் இப்படித் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

என் பெயர் ஜம்புநாதன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன். இந்தத் தீவில் டி-ஷர்ட் ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்று தன் கட்டடங்களையெல்லாம் ஒரே கேபிளில் இணைக்க ஆள் தேடியது. தொண்ணூற்று இரண்டில் வந்தேன். அடுத்த வருடம் ரமாமணிக்கும் தமிழ் ஆசிரியை வேலை கிடைத்தது. அப்பா அம்மா இல்லை. அவளைப் படிக்க வைத்தது நான்தான். டிராங்கெபார் என்ற பேட்டையில் ஒரு மாடி வீடு பார்த்தோம். தரங்கம்பாடியின் பெயரை வைத்திருக்கிறார்களே என்று நம்பிப் போனேன். பெயரைத் தவிர வேறு எதுவும் அங்கிருந்து வந்து சேரவில்லை. கீழே சாக்கடை. அதற்கு எதிரிலேயே மீன் பொரிப்பார்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

கேபிளில் போகும் செய்திகள் சிறுசிறு பாக்கெட்டுகளாகப் போகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் ஹெடர் என்று ஒரு பகுதி உண்டு, தபால் உறையின் மேல் எழுதுவது போல. முதலில் யாருக்குப் போகிறது, அடுத்து யார் அனுப்பியது, கடைசியில் உள்ளே இருப்பது எந்த வகைச் செய்தி. பாக்கெட் வந்து சேர்ந்ததும் சர்வரின் இயங்குதளத்துக்குள் இருக்கும் ஒரு நிரல் இந்த ஹெடரைப் படிக்கும். அதைக் கழற்றி எடுத்துவிட்டு மீதியை உரிய இடத்துக்கு அனுப்பும். வேண்டாதது என்றால் அங்கேயே போட்டுவிடும். எங்கள் ஆலைக்காக அந்த நிரலைத் திருத்தி எழுதியவன் நான். உள்ளே என்ன இருக்கிறது என்று அது தொட்டுப் பார்ப்பதில்லை. மேலே எழுதியிருப்பதே அதற்குப் போதும். அந்தச் சுத்தம் எனக்குப் பிடிக்கும். அனுப்பியவரின் முகவரி என்பது நாம் வைக்கிற பெயரல்ல. நெட்வொர்க் கார்டு செய்யப்படும்போதே அதற்குள் பதித்து அனுப்புகிறார்கள். எந்த அறைக்குக் கொண்டுபோய் வைத்தாலும் அது மாறாது.

சாயப்பட்டறைக்குக் கேபிள் இழுக்கப் போன அன்றுதான் தனராஜைப் பார்த்தேன். அவன் அங்கே சூப்பர்வைசர். கறுப்புத் துணிக்கு அவர்கள் சல்ஃபர் பிளாக் என்ற சாயம் போடுகிறார்கள். அந்தத் தொட்டிகளின் பக்கம் போனால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஒரு மணிநேரம் நின்றால் அது சட்டைக்குள் புகுந்துகொள்ளும், தலைமுடிக்குள் புகுந்துகொள்ளும். தனராஜ் அதிலேயே பல வருடமாக நின்றவன்.

"போன்ழூர், மிஸ்யே ஜம்பு! நம்ப ஊரு ஆளு!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கையை நீட்டினான். நகக் கண்களில் கறுப்பு. கை கொடுத்தேன். மரியாதை தெரியாதவன் அல்ல நான். பிறகு மேலே போய்க் குழாயடியில் வெகுநேரம் நின்றேன்.

அவனுடைய கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்ட வந்தவராம். எந்த ஊர் என்று கேட்டேன். "தெரியாது மிஸ்யே, கப்பல்ல ஏறினார், அவ்ளோதான்," என்று சிரித்தான். தமிழ் அவனுக்குக் கோவிலில் கேட்ட அளவுக்குத்தான் தெரியும். முருகன் பாட்டை நெஞ்சுருகிப் பாடுவான், பாதிச் சொற்கள் அவன் வாயில் பிரெஞ்சாகிவிடும். மத்தியானம் பட்டறைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து ஆக்டோபஸ் கறி சாப்பிடுவான். கீபோர்டின் இடுக்குகளில் மஞ்சள் எண்ணெய் இறங்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. குச்சியில் பஞ்சு சுற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு துடைப்பேன். "வினி, மான்ஸே!" என்று கூப்பிடுவான். வா, சாப்பிடு என்று அர்த்தம். வாயில் கவளத்தோடு கூப்பிடுவான்.

நல்லவன்தான். அதை நான் மறுக்கவில்லை. புயல் அடித்த வருடம் எங்கள் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. அந்த மழையில் தார்ப்பாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கேட்காமலே வந்தான். இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. ஏறிக் கட்டிவிட்டு, சொட்டச் சொட்ட எங்கள் சமையலறையில் நின்றான். ரமாமணி என் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதில் தலையைத் துவட்டி, அக்குளையும் துடைத்துக்கொண்டான். அவன் போன பிறகு அந்தத் துண்டை ஒரு குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

"என்ன அண்ணா இது, துவைச்சா சரியாயிடாதா?" என்றாள் ரமாமணி.

"எல்லாமே துவைச்சா சரியாயிடாது," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

சாயப்பட்டறையில் கழிவுநீர்க் குழி ஒன்று உண்டு. சல்ஃபர் கழிவும் அமிலக் கழிவும் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டால் விஷவாயு கிளம்பும். அதற்காக வாயுவை உணரும் கருவி ஒன்றும், சுவரில் ஒரு சிவப்புப் பொத்தானும் வைத்து, இரண்டையும் தனராஜின் கணினியோடு இணைத்திருந்தார்கள். கருவி வாயுவைக் கண்டாலும், யாராவது பொத்தானை அழுத்தினாலும், அந்தக் கணினி ஒரு பாக்கெட் அனுப்பும். அங்கிருந்து சர்வருக்கு வருவது இது ஒன்றுதான். சர்வர் அதைப் பார்த்துக் காவலறையிலும் முதலுதவி அறையிலும் சைரன் ஒலிக்க வைக்கும். அங்கே முகமூடியும் ஆக்சிஜனும் இருந்தன. ஓடிவர இரண்டு நிமிடம் ஆகாது.

கருவியில் ஈரம் பட்டால் காரணமில்லாமல் பாக்கெட் அனுப்பத் தொடங்கிவிடும். சைரன் அலறும், தையல் பெண்கள் எல்லாரும் வெளியே ஓடுவார்கள், வேலை நின்றுபோகும். மேனேஜர் ஜாக் என்னைக் கூப்பிட்டு, "கப்பலுக்கு நாளாகிறது, ஜம்பு, இதை நிறுத்து," என்றார். நிறுத்தினேன். கருவியிலிருந்து வரும் செய்திக்கு ஒரு வகை எண், பொத்தானிலிருந்து வரும் செய்திக்கு வேறொரு வகை எண். ஹெடரில் வகையைப் பார்த்து, கருவியின் செய்தியை மட்டும் போட்டுவிடும்படி எழுதினேன். பொத்தான் வேலை செய்தது. தனராஜே அழுத்திப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினான். இதுவரை நான் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜாக்கின் உத்தரவும் இருக்கிறது. இதைப் பத்மநாபன் சார் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த வருடக் காவடிக்கு ரமாமணி பால்குடம் எடுத்தாள். தனராஜின் அம்மா சிவகாமியோடு சேர்ந்து நடந்தாள். அவளுக்கு அவன் இந்த ஊர்க் கிரியோல் பேச்சைச் சொல்லிக்கொடுக்கிறான், அவனுக்கு அவள் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஆசிரியை, சொல்லிக்கொடுக்கட்டும் என்று விட்டிருந்தேன். வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, நான் தனராஜைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி முடித்தேன்.

"நன்னா யோசிச்சியா?"

"ரெண்டு வருஷமா யோசிச்சேன். அவர்கிட்ட ஒரு குறை சொல்லு பார்க்கலாம்."

"அவன்மேல வாடை அடிக்கிறது, ரமா."

"அது சாயத்தோட வாடை அண்ணா. சோப்புப் போட்டுக் குளிச்சா போயிடும்."

"போகாது."

"உனக்கு எந்த வாடை அடிக்கிறதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "பிளேன் ஏறும்போதே நீ அதையும் பெட்டியில வெச்சுண்டு வந்துட்டே."

அவள் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டாள். எனக்கு ஜாதி வேற்றுமை கிடையாது. ஆலையில் எல்லாரோடும் பேசுகிறேன். அவர்கள் வைக்கும் தண்ணீரைக் குடிப்பதில்லை என்றால், அது சுகாதாரம்.

அன்று மத்தியானம் சிவகாமி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போனேன். எனக்கென்று தனியாகச் சைவமாக, புதுப் பாத்திரத்தில் சமைத்திருந்தாள். பாத்திரம் புதிது என்று இரண்டு தடவை சொன்னாள். நான் தயிர்சாதம் மட்டும் எடுத்துக்கொண்டேன். எதிரே தனராஜும் ரமாமணியும். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே, அவன் பிசைந்து வைத்திருந்த தட்டிலிருந்து அவள் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவன் விரல் பட்ட சோறு. அவன் எச்சில். அவள் அதை மென்றாள். விழுங்கினாள். விரலையும் சப்பினாள். நான் படிக்க வைத்த பெண். எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுத்தேன். சிவகாமி ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பாவம், புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல," என்றாள். அந்தக் கை என் நெற்றியில் இருந்த அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் தெளிவாயிற்று.

மறுநாள் நிரலைத் திறந்தேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஒப்பீடு. முன்பு, செய்தி எந்த வகை என்று பார்த்துப் போட்டுவிடும்படி இருந்தது. இப்போது, அனுப்பியது யார் என்று பார்த்துப் போட்டுவிடும்படி மாற்றினேன். சாயப்பட்டறைக் கணினியின் முகவரி என்றால், உள்ளே எது இருந்தாலும் சரி, மேலே போக வேண்டாம். போட்டுவிட்ட பாக்கெட்டின் ஹெடர் மட்டும் என் திரையில் ஒரு வரியாக வரும்படி செய்துகொண்டேன். நாம் எழுதியது சரியாக வேலை செய்கிறதா என்று எந்தப் பொறியாளரும் பார்ப்பான்.

எதற்காகச் செய்தீர்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். அப்போது கேட்டிருந்தால், அவனிடமிருந்து எதுவும் என் சர்வருக்குள் வர வேண்டாம் என்று நினைத்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உண்மையும்கூட. ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு முன்னால் குழியைச் சுத்தம் செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதுவும் உண்மை. இரண்டும் என் மனதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் அவற்றைக் கலக்கவில்லை.

குழியைச் சுத்தம் செய்த அன்று அமிலத்தைத் திறந்துவிட்டது நான் இல்லை. அடுத்த ஷெட்டில் யாரோ டிரம்மைக் கழுவி ஊற்றினார்கள். குழிக்குள் இறங்கியிருந்தவர் ஐயாசாமி, துப்புரவு வேலைக்காரர், வயதானவர். அவர் என் கணக்கில் இல்லவே இல்லை. அவர் உள்ளே சுருண்டு விழுந்ததும் தனராஜ் போய்ப் பொத்தானை அழுத்தியிருக்கிறான். சைரன் கேட்கவில்லை. மறுபடி அழுத்தியிருக்கிறான்.

மத்தியான நேரம். நான் மேலே, ஏசி அறையில் இருந்தேன். திரையில் கருவியின் வரிகளுக்கு நடுவே புதிதாக ஒரு வரி வந்தது. பெறுநர், அனுப்புநர், வகை. வகை பொத்தானுடையது. ஈரம் பட்ட கருவி அனுப்பினால் ஒரே சீராக, கடிகாரம் மாதிரி வரும். இது அப்படி வரவில்லை. இரண்டு வரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று சேர்ந்தாற்போல. ஒரு விரல் அது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. என் பக்கத்தில் தொலைபேசி இருந்தது. காவலறை ஒரே எண்தான். நான் தொலைபேசியைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தேன். அந்தக் கறுத்த நகம் பொத்தானின்மேல் அழுந்துவதை என்னால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. என் நிரல் ஒவ்வொன்றையும் ஒழுங்காக வாங்கி, மேலே பார்த்து, கீழே போட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு அந்த விரலின் வரிகள் நின்றன. யாரும் வராததால் அவனே இறங்கிவிட்டான் என்று பின்னால் சொன்னார்கள். ஐயாசாமியைத் தோளில் தூக்கிப் பாதி ஏணி வரை வந்திருக்கிறான். அங்கேயே இருவரும் விழுந்து இறந்துவிட்டார்கள்.

நான் அந்த ஒப்பீட்டைப் பழையபடி மாற்றினேன். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். கீழே கூச்சல் கேட்டபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஜாக் பொத்தானை அழுத்திப் பார்த்தார், சைரன் நன்றாக ஒலித்தது. தனராஜ் பதற்றத்தில் பொத்தானை அழுத்தாமலே இறங்கிவிட்டான், அவனுடைய கவனக்குறைவு என்று முடிவாயிற்று. சிவகாமியிடமும் அப்படித்தான் போய்ச் சொன்னார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

கேட்டது ரமாமணி மட்டும்தான். சாவு வீட்டிலேயே இருந்தாள். எரித்துவிட்டு வந்த பிறகும் அங்கேயே கிடந்தாள். மறுநாள் மாலை வந்து வாசலில் நின்றாள். முடி கலைந்து, அதே புடவையில். சாயப்பட்டறையில் வேலை செய்யும் போலெட் என்ற பெண் அவளிடம் பேசியிருக்கிறாள்.

"அண்ணா, போலெட் ஜன்னல் வழியாப் பார்த்தாளாம். 'லி தி பே பேஸே, பேஸே'ன்னு அழறா. அவர் அழுத்திண்டே இருந்தாராம். சைரன் ஏன் அடிக்கலை?"

நான் வாசல் விளக்கைப் போட்டேன்.

"உன் மெஷினுக்கு அது வந்துதா, வரலையா?"

"வந்தது."

"நீ எங்கே இருந்தே?"

"அங்கேதான்."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நேற்று இரவுதான் புரிந்தது. கீபோர்டைத் துடைக்கும்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு அவள் ஓர் அடி உள்ளே வைத்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன். சாவு வீட்டிலிருந்து நேராக வருகிறாள், இல்லையா. யாராக இருந்தாலும் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

"தீட்டு, ரமா. குளிச்சுட்டு உள்ளே வா. பின்பக்கம் வெந்நீர் வெச்சிருக்கேன்."

அவள் வைத்த காலை எடுத்துக்கொண்டாள். படியிறங்கினாள். தீட்டோடு தெருவில் போகிறாயே என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. குளிக்காமல், தலை முடியாமல், நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, இந்த அறையில், இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இவ்வளவு நேரமாக என்னை உட்காரச் சொல்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். யாராவது அதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால், நான் உட்கார்ந்தே கையெழுத்துப் போடுகிறேன்.